கேஸ் பில் 168 பவுண்ட்!! பழைய டெரஸ் வீடு, ஹீட்டிங் செலவ எப்படிக் குறைக்கறது?

ஈரோட்டுத்தம்பி:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. லண்டன் ஈஸ்ட் ஹாம்ல வாடகை வீட்டுல இருக்கோம், 2 பெட்ரூம், 1900 வாக்குல கட்டின டெரஸ் வீடு (பக்கத்து வீடுகளோட செவுரு ஒட்டி வரிசையா இருக்கறது). போன மார்ச்லதான் வந்தோம், அதனால இது எங்களுக்கு முழுசா முதல் குளிர். டிசம்பர் 9லேர்ந்து ஜனவரி 9 வரைக்கும் கேஸ் பில் மட்டும் 168 பவுண்ட் வந்திருக்கு, கரண்ட் தனி, அத இன்னும் பாக்கல. பாத்ததும் பக்குனு ஆயிருச்சு. ஊர்ல ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா வர்ற ஈபி பில்லுக்கே எங்கப்பா பின்னாலயே வந்து ஃபேன ஆஃப் பண்ணிட்டுப் போவாரு, அவருகிட்ட இத சொல்லவே இல்ல.

வீட்டுல நான், வைஃப், ஒன்றரை வயசுக் குழந்தை, அப்பறம் நவம்பர்ல எங்கம்மா வந்திருக்காங்க. அம்மாவுக்குக் குளிர் சுத்தமா ஒத்துக்கல. ரெண்டு ஸ்வெட்டர், மங்கி கேப், சாக்ஸ் மேல சாக்ஸ், எல்லாம் போட்டுட்டு ஹால்ல ரேடியேட்டர ஒட்டிச் சேரப் போட்டு உக்காந்துக்கறாங்க. நான் ஆபீஸ் கெளம்புனதும் தெர்மோஸ்டாட்ட (வீடு எத்தன டிகிரி இருக்கணும்னு வெக்கறது) 25ல வெச்சுடறாங்க. ஏம்மான்னு கேட்டா "25ங்கறது நம்மூர் மார்கழிக் குளிருடா"ங்கறாங்க, அதுக்கு என்கிட்ட பதிலும் இல்ல.

தெர்மோஸ்டாட் இருக்கறது வாசக்கதவுக்குப் பக்கத்துல பாசேஜ்ல. பாய்லர் கிச்சன்ல, காம்பி பாய்லர் (தனி டேங்க் இல்லாம ரேடியேட்டருக்கும் குழாய்க்கும் அதுவே தண்ணியச் சூடாக்கும்), முன்னாடி ரெண்டு திருகு இருக்கு, ஒண்ணுல குழாய் படம் இன்னொண்ணுல ரேடியேட்டர் படம், ரெண்டுமே முழுசா வலது பக்கம் திரும்பி இருக்கு. ஏதாவது ஆயிருமோனு பயந்து நான் தொடல. கேஸ மிச்சம் பண்ணலாம்னு நவம்பர் கடைசில பெட்ரூமுக்கு ஒரு 2 கிலோவாட் ஃபேன் ஹீட்டர் மட்டும் வாங்கினேன்.

கேள்வி என்னன்னா, ஆபீஸ்ல ஒருத்தரு ஹீட்டிங்க நாள் பூரா கம்மியா ஓட விட்டாத்தான் மிச்சம்ங்கறாரு, இன்னொருத்தரு வேணுங்கறப்ப மட்டும் போடுங்கறாரு, எதுங்க சரி? விலைக்கு அரசாங்கம் உச்சவரம்பு வெச்சிருக்குன்னாங்களே, அப்பறம் எப்படி இவ்வளவு வருது? காலைல ஜன்னல் உள்பக்கம் தண்ணி வேற வழியுது, பெட்ரூம் மூலைல கருப்பு கருப்பா புள்ளி. ஓனர் பைசா செலவு பண்ண மாட்டாரு, நம்ம கையால என்ன பண்ண முடியும்னு சொல்லுங்க.

குரோய்டன்_கண்ணன்:

ப்ரோ நாள் பூரா லோல விடுங்க.. நான் 6 வருசமா அப்படித்தான்.. ஆஃப் பண்ணி ஆன் பண்ணா ஜில்லுனு இருக்கற வீட்ட திரும்ப சூடாக்கவே கேஸ் எல்லாம் போயிரும், கார்ல நின்னு நின்னு போனா பெட்ரோல் ஜாஸ்தி ஆகுதுல்ல அதே மாதிரி. அப்பறம் வெளிச்செவுத்துல தரையோட ஒட்டி ஓட்ட ஓட்டயா செங்கல் இருக்கும் பாருங்க அதுல பேப்பர திணிச்சு அடைச்சிருங்க, காத்து வர்றது பாதி நின்னுரும்..

மான்செஸ்டர்_மெக்:

தம்பி, கேஸ் பில்ல கொஞ்சம் ஒதுக்கி வைங்க, அந்த ஃபேன் ஹீட்டர் தினம் எத்தன மணி நேரம் ஓடுது? இங்க கேஸ் ஒரு கிலோவாட் அவர் சுமார் 6 பென்ஸ், கரண்ட் சுமார் 25 பென்ஸ், அதாவது நாலு மடங்கு. 2 கிலோவாட் ஹீட்டர் ஒரு மணி நேரம் ஓடினா அரை பவுண்ட் காலி. அதே சூட்ட பாய்லர்லேர்ந்து எடுத்தா 14, 15 பென்ஸ்ல முடிஞ்சிரும். கேஸ மிச்சம் பண்றேன்னு கரண்ட்ல கொட்டிட்டு இருக்கீங்கன்னு தோணுது, அந்த பில்லத் தெறந்து பாத்துட்டு வந்து சொல்லுங்க.

அடுத்தது கண்ணன் சொன்னது. கார் கதை இங்க ஒத்து வராது. ஓட்டக் குடத்த நெனச்சுக்கோங்க. குடத்துல தண்ணி மேல வரைக்கும் இருந்தா ஓட்ட வழியா வேகமா போகும், பாதி இருந்தா மெதுவா போகும். வீட்டுச் சூடும் அப்படித்தான், உள்ளுக்கும் வெளிக்கும் எத்தன டிகிரி வித்தியாசமோ அதுக்குத் தகுந்த வேகத்துல வெளிய போயிட்டே இருக்கும். நாள் பூரா குடத்த ரொப்பியே வெச்சிருந்தா நாள் பூரா முழு வேகத்துல ஒழுகும், ரொப்பாம விட்ட நேரத்துல ஒழுகாம மிஞ்சினது லாபம். திரும்ப ரொப்பற தண்ணி, அந்த நேரம் பூரா ரொப்பியே வெச்சிருக்க ஊத்தியிருக்க வேண்டிய தண்ணிய விட எப்பவும் கம்மிதான். அதனால வீட்டுல ஆள் இல்லாதப்பவும் ராத்திரி தூங்கறப்பவும் எறக்கறதுதான் சரி. ஆனா உங்க வீட்டுல அம்மாவும் குழந்தையும் பகல் முழுக்க இருக்காங்க, அதனால பகல்ல ஆஃப் பண்ணுங்கன்னு நான் சொல்ல மாட்டேன். வயசானவங்க இருக்கற வீடு 18க்குக் கீழ போகவே கூடாது, அம்மாவுக்கு 20, 21 வைங்க. ராத்திரி குழந்தை தூங்கற ரூமுக்கு 16லேர்ந்து 20 வரைன்னு இங்க சொல்லுவாங்க, அதுக்கு மேல சூடு குழந்தைக்கு நல்லதில்ல.

இப்ப அந்த ரேடியேட்டர் படம் போட்ட திருகு. உண்மையான காசு அங்கதான் இருக்கு. அது ரூம் எவ்வளவு சூடாகணும்ங்கறதுக்கு இல்ல, பாய்லர்லேர்ந்து ரேடியேட்டருக்குப் போற தண்ணி எவ்வளவு சூடா போகணும்ங்கறதுக்கு. வலது கடைசில வெச்சா 75, 80 டிகிரில போகும். 2005லேர்ந்து இங்க புதுசா மாட்டற பாய்லர் கிட்டத்தட்ட எல்லாமே கண்டென்சிங் டைப். கேஸ் எரியும்போது நீராவி வரும், அத அப்படியே புகைக்குழாய் வழியா வெளிய விடாம உள்ளயே தண்ணியா மாத்தி அதோட சூட்டயும் புடிச்சுக்கறதுதான் அதோட வித்தை. இட்லிக் குண்டான் மூடியத் தூக்கும்போது ஆவி கைல பட்டா சுரீர்னு சுடுமே, அந்த ஆவி தண்ணியா மாறும்போது அவ்வளவு சூட்ட விடுது. ஆனா ரேடியேட்டர்லேர்ந்து திரும்பி வர்ற தண்ணி சுமார் 55 டிகிரிக்குக் கீழ இருந்தாத்தான் இது நடக்கும். நீங்க 80ல அனுப்பினா 60, 65ல திரும்பி வரும், ஆவி அப்படியே வெளிய போயிரும். காசு குடுத்து வாங்கின வித்தைய யூஸ் பண்ணாம வெச்சிருக்கீங்க.

அதனால அந்தத் திருகப் பாதிக்குக் கொண்டு வாங்க, டிஸ்ப்ளே இருந்தா 60, வெளிய ரொம்ப உறையாத நாள்ல 55. பயப்படாதீங்க, அது நாம தொடறதுக்குன்னே வெளிய வெச்ச திருகு, மூடியக் கழட்டற வேலைதான் கேஸ் சேஃப் பதிவு (கேஸ் வேலை செய்யறவங்களுக்கான பதிவு) இருக்கற ஆள் மட்டும் செய்யணும். வேலை செய்யுதான்னு தெரிஞ்சுக்க ஒரு வழி, பாய்லர்லேர்ந்து வெளிய சாக்கடைக்குப் போற பிளாஸ்டிக் பைப் ஒண்ணு இருக்கும், ஹீட்டிங் ஓடறப்ப அதுல தண்ணி நல்லா சொட்டினா ஆவி தண்ணியாகுதுன்னு அர்த்தம். (கடும் பனில அந்த பைப் உறைஞ்சு போச்சுன்னா பாய்லர் நின்னுரும், வெதுவெதுப்பான தண்ணிய ஊத்தினா சரியாயிரும், கொதிதண்ணி ஊத்திறாதீங்க.)

ரெண்டு விஷயம் கவனம். தண்ணிச் சூடு கம்மியானா வீடு மெதுவாத்தான் சூடாகும், அதனால 6 மணிக்கு எழுந்திருப்பீங்கன்னா 5 மணிக்கே டைமர் ஆன் ஆகற மாதிரி வைங்க. ரேடியேட்டரத் தொட்டா முன்ன மாதிரி கை சுடாது, அம்மா "இது சூடாவே இல்ல"ம்பாங்க, ரூம்ல தெர்மாமீட்டர் வெச்சுக் காட்டுங்க. உங்களது காம்பிங்கறதால இதுல ஆபத்து இல்ல. தனியா சுடுதண்ணி டேங்க் வெச்சிருக்கற வீட்டுக்காரங்க இதப் படிச்சிட்டு எறக்காதீங்க, டேங்க் தண்ணி 60 டிகிரிக்குப் போகணும், இல்லேன்னா அதுல லெஜியனெல்லா கிருமி வளரும்.

தெர்மோஸ்டாட் வாசக்கதவுகிட்ட இருக்குங்கறீங்க. அங்க ஜென்மத்துக்கும் 25 வராது. வராத வரைக்கும் பாய்லர் நிக்காம ஓடும், ஹால் சூடாயிருச்சுன்னு அதுக்குத் தெரியவே தெரியாது. மொதல்ல கதவு இடுக்கு, லெட்டர் பாக்ஸ் ரெண்டயும் அடைங்க. இங்க பக்கத்துல சால்ஃபோர்ட் யூனிவர்சிட்டில பெரிய கூடத்துக்குள்ள உங்க வீடு மாதிரியே பழைய செங்கல் டெரஸ் வீட்ட முழுசா கட்டி வெச்சு, கூடத்தயே குளிராக்கி சூடு எங்கெங்க வெளிய போகுதுன்னு அளக்கறாங்க. ஒரு தடவ போய்ப் பாத்தேன், நம்ம குடியிருக்கற வீட்ட ஐசியூல படுக்க வெச்ச மாதிரி இருந்துச்சு.

உச்சவரம்பு யூனிட் விலைக்கும் தினப்படி நிலைக் கட்டணத்துக்கும்தான், மொத்த பில்லுக்கு இல்ல. நியூஸ்ல வருசத்துக்கு இத்தன பவுண்ட்னு ஒரு தொகை சொல்றது, ஒரு சராசரி வீட்டுக்குப் போட்ட கணக்கு, 2023 அக்டோபர்ல அந்த சராசரி வருசத்துக்கு 11,500 கிலோவாட் அவர் கேஸும் 2,700 கரண்டும்னு வெச்சாங்க. நீங்க ஒரே மாசத்துல 2,500 எரிச்சிருக்கீங்க.

ஹாரோ_மாமா:

தம்பி ஈரோடு, கண்ணன் தம்பி சொன்ன மாதிரி அந்த ஓட்டைக் கல்லுகளை மட்டும் அடைச்சுப் போடாதேங்கோ!! நான் 89ல லண்டனுக்கு வந்தனான், 96ல இஞ்ச வீடு வேண்டினவுடன கெட்டிக்காரன் எண்டு நினைச்சு பேப்பரையும் பழைய உடுப்பையும் எல்லாக் கல்லுக்குள்ளயும் அடைஞ்சு விட்டனான். அந்தக் காலத்து வீடுகளுக்குக் கீழ மரத்தளம், பலகைக்குக் கீழ காத்து ஓடத்தான் அந்தக் கல்லு. நாலு வருசத்தால முன்னறையில மனிசி நடக்கேக்க கால் பொத்தெண்டு கீழ போட்டுது, பலகையைக் கிளப்பிப் பாத்தா அதைத் தாங்கிற தீராந்தி மரம் எல்லாம் ஈரம் ஊறி பிட்டு மாதிரி உதிருது. மிச்சம் பிடிச்ச காசைப் போல இருவது மடங்கு தச்சனுக்குக் குடுத்தனான். மனிசி இப்பவும் சொல்லிக் காட்டுவா.

அடைக்க வேண்டியது கதவு. லெட்டர் பொக்ஸுக்கு உள்பக்கமா பிரஷ் வைச்ச மூடி விக்கிறாங்கள், ரெண்டு ஸ்குரூதான். கதவுக்குக் கீழ துணியால பாம்பு மாதிரி தைச்சு வையுங்கோ, அம்மா நிக்கிறா தானே, அவவுக்கும் பொழுது போகும். பழைய நெருப்புப் புகைக்கூடு முன்னறையில இருக்கோ? இருந்தா அதுக்குள்ளால வீட்டுச் சூடு முழுக்க ஆகாயத்துக்குப் போகுது. அதுக்குள்ள வைச்சு ஊதிற பலூன் விக்கிறாங்கள், பாவிக்காத புகைக்கூடு எண்டா மட்டும் அதை வையுங்கோ, கேஸ் நெருப்பு பூட்டியிருந்தா தொடாதேங்கோ.

இன்னொண்டு, மீற்றரைப் போய் உங்கட கண்ணால பாருங்கோ. பழைய மீற்றர் கன அடியில ஓடும், புதுசு கன மீற்றரில. 100 கன அடி 2.83 கன மீற்றர். எங்கட வீட்டில புது மீற்றர் பூட்டின பிறகும் கொம்பனிக்காரன் பழைய கணக்கிலயே கிட்டத்தட்ட மூண்டு மடங்கு பில் அனுப்பினவன், எட்டு மாசம் ஃபோனில சண்டை பிடிச்சுத்தான் காசு திரும்ப வந்தது. கன மீற்றர் எண்டா ஒரு யூனிட் ஏறக்குறைய 11 கிலோவாட் அவர். அந்த எண்ணால பெருக்கி பில்லோட ஒத்துப் பாருங்கோ.

நான் வந்த புதுசில லண்டன் ரூட்டிங் பக்கம் ஒரு அறையில நாலு பேர், 50 பென்ஸ் காசு போட்டால்தான் கேஸ் வாற மீற்றர். இரவு காசு முடிஞ்சா ஹீற்றர் டப்பெண்டு நிக்கும், ஆர் எழும்பி காசு போடுறது எண்டு நாலு பேரும் நித்திரை மாதிரிக் கிடப்பம். அதோட ஒப்பிட்டா நீங்கள் ராசா.

லெஸ்டர்_லட்சுமி:

எல்லாரும் சூட்டப் பத்தியே பேசறீங்க, அந்தக் கருப்புப் புள்ளிய ஒருத்தரும் கண்டுக்கலையே. அது பூஞ்சை தம்பி, கைக்குழந்தை படுக்கற ரூம்ல அது இருக்கவே கூடாது, அத மொதல்ல பாருங்க.

தண்ணி எங்கேர்ந்து வருதுன்னு யோசிங்க. நாலு பேர் மூச்சு விடறீங்க. காலைல இட்லி, மத்தியானம் சோறு, குக்கர் அஞ்சு விசில், ரசம் கொதிக்குது, குழந்தைக்கு வெந்நீர். கிச்சன் கதவத் தெறந்து போட்டுத்தான சமைக்கறாங்க அம்மா? எங்க மாமியாரும் அப்படித்தான், ஹால்ல சீரியல் ஓடறது காதுல விழணும்ல. அந்த ஆவி எல்லாம் மாடிக்கு ஏறி இருக்கறதுலயே ஜில்லுனு எங்க செவுரு இருக்கோ அங்க போய் தண்ணியா ஒட்டிக்கும். அதுக்கு மேல துவைச்ச துணிய ரேடியேட்டர் மேல காயப் போடறீங்கன்னு நான் பெட் கட்டத் தயார். மெஷின்லேர்ந்து எடுக்கற ஒரு லோடு துணில ரெண்டு லிட்டர் தண்ணியாவது இருக்கும், ரெண்டு சொம்பு தண்ணிய பெட்ரூம் செவுத்துல தெளிச்ச மாதிரிதான் அது. துணி மூடின ரேடியேட்டர் ரூமையும் சூடாக்காது.

சமைக்கும்போது கிச்சன் கதவ மூடி, எக்ஸ்ட்ராக்டர் ஃபேன போட்டு, முடிஞ்ச பிறகும் ஒரு பத்து பதினஞ்சு நிமிசம் ஓட விடுங்க. குக்கர் அடுப்புல இருந்தா ஜன்னல ரெண்டு விரக்கடை தெறந்தே வைங்க. குளிச்சிட்டு வந்தா பாத்ரூம் கதவ சாத்துங்க. காலைல எழுந்ததும் கண்ணாடித் தண்ணிய துணியால ஒத்தி சிங்க்ல புழிஞ்சுருங்க, நான் தினமும் செய்யறேன், ஒரு ஜன்னல்லேர்ந்து அரை டம்ளர் வரும். கட்டில், பீரோ எல்லாத்தையும் வெளிச்செவுத்துலேர்ந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்க, காத்து போகணும். பூஞ்சைய அதுக்குன்னு விக்கற ஸ்ப்ரே போட்டு கிளவுஸ் மாட்டிட்டுத் தொடைங்க, குழந்தைய வேற ரூம்ல விட்டுட்டு, ஜன்னலத் தெறந்துட்டு. வேற எந்த கிளீனரயும் அதோட கலக்காதீங்க. முடிஞ்சா ஒரு டீஹ்யூமிடிஃபையர் வாங்குங்க, காத்துல இருக்கற ஈரத்த இழுத்து டப்பால தண்ணியா சேக்கற மெஷின் அது. சின்ன ரூம்ல கொடிய நிறுத்தி துணி போட்டு, கதவ மூடிட்டு அத ஓட்டினா ராத்திரிக்குள்ள காஞ்சிரும், 200 வாட் சொச்சம்தான், உங்க ஃபேன் ஹீட்டர்ல பத்துல ஒண்ணு.

ஓனருக்கு வாயால சொல்லாதீங்க, போட்டோ எடுத்து தேதியோட ஈமெயில் போடுங்க. ஈஸ்ட் ஹாம் நியூஹாம் கவுன்சில்தான, 2013லேர்ந்து அங்க பெரும்பாலான இடத்துல வாடகைக்கு விடறவங்க லைசென்ஸ் எடுத்தாகணும், அந்தப் பேச்ச எடுத்தாலே பாதிப் பேர் வழிக்கு வருவாங்க. வீட்டோட இபிசி சான்றிதழ (வீடு எவ்வளவு எனர்ஜி தின்னும்னு ஏ, பி, சின்னு தரம் போடறது) அரசாங்க வெப்சைட்ல யார் வேணா பாக்கலாம், ஈ தரத்துக்குக் கீழ இருந்தா விதிவிலக்கு ஏதும் பதிவு பண்ணலேன்னா வாடகைக்கே விட முடியாது. அதுலயே லாஃப்ட் இன்சுலேஷன் (கூரைக்கு அடில சூடு போகாம விரிக்கற மெத்தை) இருக்கா இல்லையானும் போட்டிருக்கும். 270 மில்லிமீட்டர் இருக்கணும்பாங்க, உங்க வீட்டுல 50 இருந்தா அதிசயம்.

அப்பறம் அம்மாவ ரேடியேட்டர ஒட்டி உக்கார வைக்காதீங்க பாவம். ஹீட்டட் த்ரோனு ஒரு போர்வை விக்குது, கரண்ட்ல சூடாகும், 120 வாட்தான், மணிக்கு மூணு பென்ஸ். ஆள சூடாக்கினா போதும், ஆகாயத்த ஏன் சூடாக்கணும்.

குரோய்டன்_கண்ணன்:

மாமா செங்கல் மேட்டர் தெரியாது, சாரி, நான் இருக்கறது பிளாட்ல, பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னத அப்படியே அடிச்சு விட்டேன் 😅 ஆனா மெக் அண்ணே, எங்க வீட்டுல ஹீட்டிங் நாள் பூரா லோல விட்டு நிஜமாவே பில் கம்மி ஆச்சு, பொய் சொல்லல..

மான்செஸ்டர்_மெக்:

நம்பறேன் கண்ணன். நீங்க லோன்னு சொல்றது பாய்லர் தண்ணிச் சூட்டயா, ரூம் டிகிரியயா? தண்ணிச் சூட்டக் குறைச்சுட்டு நிதானமா ஓட விட்டிருந்தா நான் மேல சொன்ன லாபம்தான் உங்களுக்கு வந்திருக்கு, நாள் பூரா ஓடினதால வரல. பிளாட்னா மேல கீழ ரெண்டு வீட்டுக்காரங்களும் உங்களுக்கு சேத்து சூடு போட்டுட்டு இருப்பாங்க, அதயும் மறக்காதீங்க.

எடின்பரா_ராஜ்:

கேஸே இல்லாத வீட்டுக்காரங்க யாராவது படிச்சா அவங்களுக்கு. எங்க பிளாட்ல ஸ்டோரேஜ் ஹீட்டர், எகானமி 7, ராத்திரி 7 மணி நேரம் கரண்ட் கம்மி விலை, அப்ப உள்ள இருக்கற செங்கல் சூடேறி வெச்சுக்கும். முதல் வருசம் முழுக்க அவுட்புட் திருகத் தெறந்தே வெச்சுட்டுத் தூங்கினேன், காலைல வீடு வெந்து கெடக்கும், சாயந்திரம் வேலைலேர்ந்து வந்தா ஐஸ். படுக்கும் முன்னாடி அவுட்புட்ட மூடணும், சாயந்திரம் வந்து தெறக்கணும், அவ்வளவுதான் சூட்சுமம், யாரும் சொல்லித் தரல. பகல்ல பத்தலேன்னு பிளக் ஹீட்டர் போட்டா அந்த டேரிஃப்ல பகல் யூனிட் இன்னும் ஜாஸ்தி, ஜாக்கிரதை.

ஈரோட்டுத்தம்பி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, பதில் போட ரெண்டரை வாரம் ஆயிருச்சு, செஞ்சு பாத்துட்டு வந்து சொல்லலாம்னு இருந்தேன்.

மெக் அண்ணா, கரண்ட் பில்லத் தெறந்தேன். தலை சுத்திருச்சு. ஃபேன் ஹீட்டர் தினம் ராத்திரி நாலு மணி நேரம் ஓடியிருக்கு, கணக்குப் போட்டா மாசம் 60 பவுண்டுக்கு மேல. 25 பவுண்ட் குடுத்து வாங்கின சாமான். அன்னிக்கே அட்டப் பெட்டில போட்டு பரண்ல ஏத்திட்டேன்.

திருகப் பாதிக்குக் கொண்டு வந்தேன். மொத நாள் அம்மா ரேடியேட்டரத் தொட்டுப் பாத்துட்டு "கெட்டுப் போச்சு போல, ஆளக் கூப்பிடு"ன்னாங்க. 12 பவுண்டுக்கு ஒரு குட்டி தெர்மாமீட்டர் வாங்கி ஹால்ல சாமி படத்துக்குப் பக்கத்துல வெச்சேன், 20.5 காட்டுச்சு, அப்பறம்தான் நம்பினாங்க. இப்ப தினமும் போறப்ப வர்றப்ப அதப் பாத்து எனக்கு ஆபீஸுக்கு மெசேஜ் போடறாங்க. பின்வாசல்ல போய் அந்த பிளாஸ்டிக் பைப்பயும் பாத்தேங்க, முன்னாடி எப்பவாவது ஒரு சொட்டு, இப்ப விடாம சொட்டுது, கீழ ஒரு பக்கெட் வெச்சா ரொம்பிரும் போல.

மாமா, மீட்டர் கன மீட்டர்தான், கணக்கு சரியாத்தான் இருக்கு. கதவுக்குப் பாம்பு ரெடி. அப்பாவோட பழைய வேட்டி ஒண்ண அம்மா பெட்டில எதுக்கோ கொண்டு வந்திருந்தாங்க, கிழிஞ்ச சுடிதார எல்லாம் உள்ள திணிச்சு கையாலயே தைச்சுட்டாங்க. குழந்தை அதத் தூக்கிட்டு வீடு பூரா ஓடுது, ராத்திரி தேடிப் புடிச்சுக் கதவுல வைக்கணும்.

லட்சுமி அக்கா, நீங்க எங்க வீட்டுக்குள்ள கேமரா வெச்சிருக்கீங்களா? ரேடியேட்டர் மேல துணி, தெறந்த கிச்சன் கதவு, சீரியல், ஒண்ணு விடாம கரெக்ட். டீஹ்யூமிடிஃபையர் செகண்ட் ஹேண்ட்ல கெடச்சுது, மொத ராத்திரியே டப்பால ஒன்றரை லிட்டர் தண்ணி. ஓனருக்கு ஈமெயில் போட்டிருக்கேன், பத்து நாளாச்சு, பதில் இல்ல. த்ரோவும் வாங்கியாச்சு.

கேஸ் முன்னாடி சராசரியா ஒரு நாளைக்கு 82 கிலோவாட் அவர், இந்த ரெண்டு வாரம் 54. மூணுல ஒரு பங்கு கொறஞ்சிருச்சு!!

மான்செஸ்டர்_மெக்:

சந்தோசம், ஆனா ஒரு நிமிசம். அப்ப வெளிய சராசரி எத்தன டிகிரி, இப்ப எத்தன? அதச் சேக்காம கணக்குப் போட்டா நாமளே நம்மள ஏமாத்திக்கறதுதான்.

ஈரோட்டுத்தம்பி:

வெதர் ஆப்ல பாத்தேன்ணா, அப்ப 4 வாக்குல, இப்ப 8 வாக்குல. உள்ள அப்ப அம்மா புண்ணியத்துல ஹால் 23 இருந்திருக்கும்.

மான்செஸ்டர்_மெக்:

அப்ப வித்தியாசம் 19 டிகிரிக்கு 82. பழையபடியே 23ல ஓட்டியிருந்தாலும் வெளிய 8ன்னா வித்தியாசம் 15தான், 65 ஆயிருக்கும். அந்த 17 வானம் குடுத்தது. 65லேர்ந்து 54க்கு வந்ததுதான் உங்க கை வேலை, அதுலயும் பெரும் பங்கு ரூம் டிகிரி கொறைஞ்சதால, மிச்சம் திருகும் கதவும். சமையல், குளிக்கற வெந்நீரெல்லாம் இதுல கலந்திருக்கு, அதனால இது குத்துமதிப்புதான். ஒரு நாளைக்கு 11 கிலோவாட் அவர்னா மாசம் 20 பவுண்ட். ஃபேன் ஹீட்டர நிறுத்தினதுல 60. பாருங்க, மிச்சம் பண்றதுக்குன்னு வாங்கினதுதான் அதிகமா தின்னுருக்கு.

ஹாரோ_மாமா:

அதைப் பரணில வைக்காதேங்கோ தம்பி, திரும்ப இறக்கத்தான் மனம் வரும். ஆருக்கும் சும்மா குடுக்கவும் வேண்டாம், பிறகு அவையின்ர பில்லுக்கு உங்களைத் திட்டுவினம்.

லெஸ்டர்_லட்சுமி:

ஓனருக்கு அதே ஈமெயில திரும்ப போடுங்க, மேல "இரண்டாம் நினைவூட்டல்"னு போட்டு, கவுன்சில் அட்ரஸையும் சேத்து. அம்மாவுக்கு த்ரோ புடிச்சிருக்கா?

ஈரோட்டுத்தம்பி:

புடிச்சிருக்காவா, சாப்பாட்டுக்கு மட்டும்தான் அதுக்குள்ளேர்ந்து வெளிய வர்றாங்க. தெர்மோஸ்டாட் பக்கமே போறதில்ல. நேத்து கேக்கறாங்க, ஏப்ரல்ல போகும்போது இத ஈரோட்டுக்கு எடுத்துட்டுப் போலாமா, அங்க கரண்ட்ல ஓடுமானு. அங்க ஏப்ரல்ல 40 டிகிரி அடிக்கும்மா, இது எதுக்குன்னேன். மார்கழி வராமயா போயிரும்ங்கறாங்க.

மான்செஸ்டர்_மெக்:

ஓடும், ரெண்டு ஊர்லயும் 230 வோல்ட்தான். பிளக்குக்கு மட்டும் ஒரு அடாப்டர் வாங்கிக் குடுத்து விடுங்க.